ஜீப்பும் ஒரு ரப்பர் கட்டையும்

கல்லும் குழியுமான பாதையில் போகும் ஜீப்பில் இரண்டு விதமான சத்தம் கேட்கும். ஒன்று எப்போதும் கேட்டுக்கொண்டே இருப்பது. தகரம் உதறும், கதவு கடகடக்கும், பட்டைகள் ஒன்றோடு ஒன்று உரசி முனகும். பத்து நிமிடத்தில் பழகிவிடும், அப்புறம் காதில் விழாது. இன்னொன்று எப்போதாவதுதான் வரும். 'டங்' என்று ஒரே ஒரு அடி. அது காதில் மட்டும் கேட்பதில்லை, முதுகுத்தண்டிலும் கேட்கும்.

அந்த இரண்டாவது சத்தத்தின் கதை எளிமையானது. சக்கரம் ஒரு மேட்டில் ஏறும்போதோ, வண்டி ஒரு குழியில் இறங்கும்போதோ, ஸ்பிரிங் அமுங்கி இடம் கொடுக்கிறது. அந்த இடம் ஒரு அளவுக்குத்தான் இருக்கும். அது தீர்ந்துவிட்டால் ஆக்சில் நேராகப் போய் சேஸில் மோதும். இரும்பும் இரும்பும் மோதக்கூடாது என்றுதான் நடுவில் ஒரு ரப்பர் கட்டையை வைத்திருக்கிறார்கள். பம்ப் ஸ்டாப்பர் என்பார்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் சமாச்சாரம். வண்டியில் இருக்கும் பொருட்களிலேயே யாரும் திரும்பிப் பார்க்காத பொருள் எது என்று போட்டி வைத்தால் முதல் பரிசு அதற்குத்தான்!

கொழுக்குமலைக்குப் போனவர்களுக்கு இந்த 'டங்' தெரிந்திருக்கும். மலை இருப்பது தமிழ்நாட்டில், தேனி மாவட்டத்தில். ஆனால் ஜீப் பாதையோ கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்து போகிறது. 7,000 அடிக்கு மேலே தேயிலைத் தோட்டம். சூரிய உதயம் பார்க்க வேண்டும் என்பதற்காக விடியுமுன்னே, இருட்டிலேயே ஜீப்புகள் வரிசையாகக் கிளம்பும். பாதை என்று சொல்வது மரியாதைக்காக. பெரும்பகுதி கல்தான்.

அங்கே ஒரு பழைய மஹிந்திரா கமாண்டரை ஓட்டிப் பிழைப்பவர் ஒருவர் இருக்கிறார். வயது நாற்பத்தைந்து இருக்கும். பெயர் வேண்டாம், அண்ணன் என்றே வைத்துக்கொள்ளலாம். வண்டி சொந்தம், கடன் முடிந்துவிட்டது. சீசனில் ஓடுவதை வைத்து மழைக்காலத்தை ஓட்ட வேண்டும். கமாண்டரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பின்னால் எதிரெதிராக இரண்டு பெஞ்சு. அதில் கடைசியில் உட்காருபவர் கிட்டத்தட்ட பின் ஆக்சிலின் தலைமேலும் அதற்குப் பின்னாலும் உட்காருகிறார். அடி விழுந்தால் முதல் பங்கு அவருக்கு.

ஒருநாள் திரும்பி வரும் வழியில் அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தது அறுபது தாண்டிய ஒரு அம்மா. வேகம் ஒன்றும் பெரிதில்லை. ஒரு குழி, ஒரு 'டங்'. அம்மா பெஞ்சிலிருந்து எழும்பி அப்படியே மறுபடி உட்கார்ந்தார். கத்தக்கூட இல்லை. கீழே வந்து இறங்கச் சொன்னபோதுதான் தெரிந்தது, எழுந்திருக்க முடியவில்லை. பிள்ளைகள் தூக்கி இறக்கினார்கள். "வண்டியப் பாத்து ஓட்டக்கூடாதாப்பா" என்று மட்டும் அந்த அம்மா சொன்னாராம். காசு கொடுத்துவிட்டுத்தான் போனார்கள். அண்ணனுக்கு அன்று அந்தக் காசை வாங்கிப் பையில் வைக்கவே கை வரவில்லை என்று பக்கத்து ஜீப்காரர்கள் சொல்வார்கள்.

இதை மிகைப்படுத்தல் என்று நினைக்க வேண்டாம். பேருந்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்து, வேகத்தடையில் தூக்கிப் போடப்பட்டு, முதுகெலும்பு நசுங்கியவர்களைப் பற்றி மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். எலும்பு வலுக் குறைந்த வயதில் ஒரே ஒரு அடி போதும். வாகன அதிர்வை அளக்க ஐஎஸ்ஓ 2631 என்று ஒரு தரநிலை இருக்கிறது. அதில் திரும்பத் திரும்ப வரும் அதிர்ச்சி அடிகளுக்காகவே ஐந்தாவது பகுதி என்று தனியாக ஒன்றை 2004-இல் சேர்த்தார்கள், 2018-இல் திருத்தினார்கள். சராசரி அதிர்வை மட்டும் பார்த்தால் இந்த அடி கணக்கில் தெரியாமல் போய்விடும் என்பதுதான் காரணம். ஒரு கம்பெனியில் எல்லோருடைய சராசரிச் சம்பளத்தைப் பார்த்து கடைநிலை ஊழியரின் வீட்டு நிலைமையைச் சொல்ல முடியாது இல்லையா, அதுபோல.

அண்ணன் அடுத்த வாரமே வண்டியை மலையிலிருந்து இறக்கி ஒரு ஸ்பிரிங் பட்டறைக்குக் கொண்டுபோனார். பட்டறைக்காரர் சின்ன வயசு. குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"அண்ணே, பட்டை தளந்து போச்சு. எக்ஸ்ட்ரா ஒரு பட்டை ஏத்திப் போட்டுட்டா சரியாப் போயிரும்ணே."

"ஏத்துனா குதிக்காதா தம்பி?"

"குதிக்கத்தாண்ணே செய்யும். ஜீப்புன்னா குதிக்காம இருக்குமா?"

பட்டை ஏறியது. பின்பக்கம் இரண்டு விரற்கடை உயர்ந்து வண்டி பார்க்க கம்பீரமாக ஆனது. ஆறு பேரை ஏற்றிக்கொண்டு போனால் 'டங்' குறைந்தது, உண்மைதான். ஆனால் வண்டி காலியாக வரும்போது பின்பக்கம் முயல் மாதிரித் துள்ளியது. சின்னக் கல்லுக்கெல்லாம் எகிறியது. முன்பு எப்போதோ ஒரு பெரிய அடி, இப்போது எப்போதும் சின்னச் சின்ன அடி. அதைவிட எரிச்சல், இடது பக்கம் மட்டும் அந்தப் பழைய 'டங்' நின்றபாடில்லை.

ஸ்பிரிங்கைக் கடினமாக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்பது எல்லோரும் முதலில் நம்புகிற வைத்தியம். அதில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் அது சாவதில்லை. ஆனால் உண்மையில் தீர்ந்துபோவது கடினம் அல்ல, இடம். அதற்கு ஒரு சின்னக் கணக்கு.

ஒரு பின் சக்கரத்துக்கு மேலே வண்டியும் ஆட்களுமாக 400 கிலோ உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங் 4 கிலோவுக்கு 1 மில்லிமீட்டர் அமுங்கும் ரகம். வண்டி சும்மா நிற்கும்போதே 10 சென்டிமீட்டர் அமுங்கியிருக்கும். இதற்கு மேலே ரப்பர் கட்டை வரை இன்னும 8 சென்டிமீட்டர் இடம் இருக்கிறது. இப்போது குழியில் இறங்கும்போது அந்த 400 கிலோ விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் கீழே வருகிறது. அதில் இருக்கும் ஆற்றல் 200 ஜூல். (காமர்ஸ் குரூப் எடுத்தவர்கள் பயப்பட வேண்டாம். ஜூலை ரூபாய் என்று படித்தாலும் கணக்கு அதேதான்.) இந்த 200 ரூபாய் கடனை யாராவது கட்டியாக வேண்டும். 8 சென்டிமீட்டர் இடத்தில் ஸ்பிரிங் 128 கட்டும். மீதி 72-ஐ ஷாக் அப்சார்பர் பார்த்துக்கொள்ளும். சத்தமே வராது.

பட்டை வயசாகி 2 சென்டிமீட்டர் தொய்ந்துவிட்டது. அந்தப் பக்கம் கூடுதலாக ஒரு ஆளும் பையும், 80 கிலோ. அதற்கு இன்னொரு 2 சென்டிமீட்டர். மிச்சம் இருப்பது 4. இடம் பாதியாகிவிட்டது, ஆகவே ஸ்பிரிங் 64 கட்டும் என்றுதானே தோன்றும்? இல்லை. 32-தான் கட்டும். இடம் பாதியானால் தாங்கும் சக்தி கால்வாசியாகிவிடும். கூடுதல் எடையால் கடனும் 240 ஆகியிருக்கும். மிச்சம் 200-க்கு மேலே ஷாக் அப்சார்பர் தலையிலும் ரப்பர் கட்டை தலையிலும் விழுகிறது. பழைய ஷாக் அப்சார்பர் பாதியைக் கட்டினாலே பெரிய விஷயம். ஒரு 100 ஜூல் ரப்பர் கட்டைக்கு வந்து சேருகிறது.

இங்கேதான் விஷயமே. அந்த 100 ஜூலை எவ்வளவு தூரத்தில் நிறுத்துவது? கட்டை கெட்டித்துக் கல்லாகி, 5 மில்லிமீட்டர்தான் அமுங்கும் என்றால் சராசரியாக 2 டன் விசை. அதுதான் 'டங்'. 4 சென்டிமீட்டர் அமுங்கும் மெத்தென்ற கட்டையாக இருந்தால் கால் டன். ஆற்றல் அதேதான், குழி அதேதான், வேகம் அதேதான். எட்டில் ஒரு பங்கு அடி! கடன் ஒன்றுதான், ஒரே நாளில் கேட்கிறானா தவணையில் கேட்கிறானா என்பதுதான் வித்தியாசம்.

ஆகவே அடிமட்டம் வரை போவதே தப்பு என்று நினைப்பது தேவையில்லை. கரடான பாதையில் ஸ்பிரிங் தனக்குக் கொடுத்த இடம் முழுவதையும் பயன்படுத்தத்தான் வேண்டும். ஒருமுறைகூடக் கட்டையைத் தொடாத வண்டி தேவைக்கு மேல் கடினமாக இருக்கிறது என்றுதான் அர்த்தம். தொடலாம், இடிக்கக் கூடாது.

அண்ணனுக்கு இந்தக் கணக்கெல்லாம் யாரும் போட்டுக் காட்டவில்லை. அவர் செய்தது களிமண் வைத்தியம். நெல்லிக்காய் அளவு களிமண் உருண்டை பிடித்து, ஆக்சிலில் ரப்பர் கட்டை வந்து உட்காரும் இடத்தில், இரண்டு பக்கமும் அப்பினார். ஒரு நடை போய்வந்து பார்த்தார். வலது பக்க உருண்டை லேசாகத் தலை தட்டியிருந்தது. இடது பக்கம் காகிதம் மாதிரி நசுங்கி, நடுவில் இரும்பு தெரிந்தது. (வெளிநாட்டுக்காரர்கள் ஷாக் அப்சார்பர் தண்டில் பிளாஸ்டிக் கட்டு ஒன்றை மாட்டிவிட்டு அது எவ்வளவு தூரம் தள்ளப்பட்டிருக்கிறது என்று பார்ப்பார்கள். ஜீப்பின் ஷாக் அப்சார்பருக்குத் தகர உறை இருப்பதால் அது வேலைக்கு ஆகாது. களிமண்ணுக்கு அந்தப் பிரச்சினை இல்லை.)

டார்ச் அடித்துப் படுத்துப் பார்த்தபோது மூன்று விஷயம் தெரிந்தது. இடது பக்கம் ரப்பர் கட்டையே இல்லை. எப்போது விழுந்தது என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும். அதைப் பிடித்திருந்த தகடு மட்டும் அடிபட்டு அடிபட்டுக் கண்ணாடி மாதிரி பளபளத்தது. இரண்டாவது, இடது பட்டைத் தொகுப்பில் மூன்றாவது பட்டை உடைந்திருந்தது. சேறு அப்பியிருந்ததால் பட்டறையில் யாருக்கும் தெரியவில்லை. அதன் மேலேயே புதுப் பட்டையை ஏற்றிக் கட்டியிருக்கிறார்கள்! மூன்றாவது, இடது ஷாக் அப்சார்பரின் உடம்பெல்லாம் எண்ணெய்க் கசிவில் புழுதி ஒட்டி ஒரு கறுப்புக் கோடு. கழற்றிக் கையால் அமுக்கினால் சைக்கிள் பம்பைவிட லேசாகப் போய்வந்தது.

அப்புறம் நடந்தது வேறு பட்டறையில். அங்கிருந்த பெரியவர் முதலில் கூடுதல் பட்டையைக் கழற்றி ஓரமாக வைத்தார். "ஒடஞ்சத மாத்தாம கூடப் போட்டு என்னய்யா பண்ண?" என்றார். உடைந்த பட்டை மாறியது. தொய்ந்த பட்டைகளை வளைத்துத் தரட்டுமா, புதுசு போடட்டுமா என்ற கேள்வி வந்தது. உலையில் காய்ச்சி வளைத்துக் கொடுத்தால் மலிவு. ஆனால் ஸ்பிரிங் இரும்பை அப்படிக் காய்ச்சிவிட்டு, முறையாகப் பதப்படுத்தாமல் விட்டால் சில மாதத்தில் மறுபடி தொய்ந்துவிடும். பெரியவர் அதை அவரே சொன்னார், தன் வருமானம் போனாலும் பரவாயில்லை என்று. அடிப் பட்டைகளில் புதுசு போட்டார்கள். பட்டைகளைப் பிரித்துத் துரு சுரண்டி கிரீஸ் தடவினார்கள். துருப்பிடித்த பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று நழுவாமல் பிடித்துக்கொள்ளும். சின்னக் கல்லுக்கு அசையாது, பெரிய குழிக்குத் திடீரென்று விட்டுக்கொடுக்கும். இரண்டுமே கெடுதல்.

உயரம் பழைய நிலைக்கு வந்த பிறகுதான் ரப்பர் கட்டைக்கு வந்தார்கள். இந்த வரிசை முக்கியம். தொய்ந்த வண்டியில் உயரமான கட்டையை வைத்தால் வண்டி எப்போதும் கட்டையின் மேலேயே உட்கார்ந்து போகும், ஸ்பிரிங் எதற்கு இருக்கிறது என்றே தெரியாது. உயரம் சரியான பிறகு, பழைய கெட்டிக் கட்டைக்குப் பதில் கொஞ்சம் உயரமான, கூம்பு வடிவக் கட்டை. நுனி மெலிசாக இருப்பதால் முதலில் மெதுவாகத் தொடும். அமுங்க அமுங்க அகலம் கூடி, கடினமும் கூடும். இன்றைய கார்களில் ஷாக் அப்சார்பர் தண்டில் நுரை போன்ற ஒரு பாலியுரேத்தேன் உருளை இருக்கும், அதுவும் இதே வேலையைத்தான் செய்கிறது. இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஆன செலவு சில நூறு ரூபாய். தேய்மானம் என்று வருடத்துக்கு ஒரு தொகையைக் கணக்கில் எழுதச் சொல்லிக் கொடுக்கும் பாடப்புத்தகங்கள், சில நூறு ரூபாய் ரப்பர் இல்லாததால் சேஸில் விரிசல் விழுவதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று சொல்வதில்லை.

ஷாக் அப்சார்பர் வாங்குவதில் ஒரு கண்ணி இருக்கிறது. வண்டியை உயர்த்தியவர்கள் நீளமான ஷாக் அப்சார்பரை மாட்டிவிடுவார்கள். அது முழுதாக அமுங்கிய நிலையில் உள்ள நீளம், ரப்பர் கட்டை அமுங்கி முடியும் இடத்தைவிடக் கூடுதலாக இருந்தால் முதலில் மோதுவது ஷாக் அப்சார்பரின் உள்பக்கம்தான். அடி வால்வு உடையும், காது வளையம் பிய்யும். வண்டிக்காரர் "கம்பெனி சரியில்லை" என்பார். அதேபோல, ரொம்ப இறுக்கமான ஷாக் அப்சார்பரும் ஆபத்து. அமுங்கிய ஸ்பிரிங் திரும்பி விரிய நேரம் கொடுக்காவிட்டால், வரிசையாக வரும் கற்களில் வண்டி ஒவ்வொரு கல்லுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்து, நாலாவது கல்லில் 'டங்'. நாலாவது கல் பாவம், அது மற்ற மூன்றைப் போலத்தான் இருந்திருக்கும்.

காசு உள்ளவர்களின் உலகத்திலும் இதே தத்துவம்தான், பொருள் மட்டும் வேறு. மெக்சிகோவில் 1967 முதல் நடக்கும் பாஹா 1000 பந்தயத்தில் ஓடும் லாரி போன்ற வண்டிகளில் ரப்பருக்குப் பதில் எண்ணெயும் நைட்ரஜனும் அடைத்த குட்டி உருளைகள் இருக்கும். ஆக்சில் வந்து அதைத் தொட்டால் ரப்பர் போலத் திருப்பி உதைக்காது, விழுங்கிக்கொள்ளும். சிட்ரோயன் நிறுவனம் இதே யோசனையை ஷாக் அப்சார்பருக்கு உள்ளேயே இரண்டு முனையிலும் வைத்து 2018-இல் சி4 காக்டஸ் காரில் கொண்டுவந்தது. 2021-இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த சி5 ஏர்கிராஸிலும் அது இருந்தது. மஹிந்திராவும் 2020-இல் வந்த புதிய தாரில் பின்பக்கப் பட்டைகளை விட்டுவிட்டுக் காயில் ஸ்பிரிங்குக்கு மாறியது. ஆனால் மலைப்பாதையில் இன்னும் ஓடுவது பட்டை வண்டிகள்தான். உடைந்தால் சின்ன ஊரில்கூட மாற்ற ஆள் இருக்கிறது என்பது சாதாரண வசதி இல்லை.

காற்றுப் பை வைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. பின்பக்கம் ஆக்சிலுக்கும் சேஸுக்கும் நடுவில் வைத்துக் காற்றடித்தால் தொய்வு மறைந்துவிடும். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் பட்டை இரண்டு முனைகளில் சேஸைத் தாங்குகிறது, பையோ நடுவில் ஒரே இடத்தில் முட்டுக்கொடுக்கிறது. அளவுக்கு மீறிச் சுமை ஏற்றி, பையில் காற்றை ஏற்றிச் சமாளித்து, சேஸே வளைந்துபோன பிக்கப் வண்டிகள் ஆஸ்திரேலியாவில் பேர்போனவை. சுமையை மறைப்பது வேறு, குறைப்பது வேறு.

அண்ணன் ஓட்டும் விதத்தையும் கொஞ்சம் மாற்றிக்கொண்டார். முன்பெல்லாம் குழியைப் பார்த்ததும் பிரேக்கை அழுத்துவார், குழிக்குள் இறங்கும்வரை அழுத்தியே இருப்பார். எல்லோரும் அப்படித்தான். பிரேக் பிடிக்கும்போது வண்டி முன்பக்கம் குனிகிறது. அதாவது குழி வருவதற்கு முன்பே முன் ஸ்பிரிங்கின் இடத்தில் ஒரு பகுதியைச் செலவழித்தாகிவிட்டது. இப்போது முன்கூட்டியே பிரேக் பிடித்து, விளிம்பில் சக்கரம் இறங்குவதற்கு ஒரு நொடி முன்னால் விட்டுவிடுகிறார். வேகம் பாதியானால் கீழே வரும் ஆற்றலும் கால்வாசியாகிவிடும் என்பதால், இருப்பதிலேயே மலிவான வைத்தியம் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பதுதான். அது எல்லோருக்கும் தெரியும், உதயத்துக்கு நேரமாகிறது என்று பின்னாலிருந்து ஆறு பேர் சொல்லும்போதுதான் மறந்துபோகும்.

டயரில் காற்றைக் குறைத்தால் போதும் என்று சொல்பவர்கள் உண்டு. சின்னக் கற்களின் நமநமப்பு அதில் நிச்சயம் குறையும். பெரிய குழிக்கு அது பெரிதாக உதவாது, ரொம்பக் குறைத்தால் கல்லில் ரிம் அடிபடும்.

பைகளை இப்போது கடைசியில் குவிப்பதில்லை, முன் இருக்கைக்குப் பின்னால் தள்ளி வைக்கிறார். வயதானவர்கள் வந்தால் யார் என்ன சொன்னாலும் முன் இருக்கைதான். கடைசி இடத்தில் கல்லூரிப் பையன்கள்!

வேலை முடிந்து கொஞ்ச நாள் ஓடிய பிறகு யு போல்ட்டுகளை மறுபடி முறுக்க வேண்டும் என்று பெரியவர் சொல்லி அனுப்பியிருந்தார். புதுப் பட்டைகள் படிந்து உட்கார்ந்ததும் அவை தளர்ந்துவிடும், தளர்ந்த யு போல்ட்தான் நடு போல்ட்டை வெட்டும், பட்டையையும் உடைக்கும். அண்ணன் போய் முறுக்கிக்கொண்டு வந்தார், அரை சுற்றுக்கு மேலேயே ஏறியதாம். அன்றைக்கே களிமண்ணும் ஒருமுறை வைத்துப் பார்த்தார். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, பாதி நசுங்கி இருந்தது. முன்பக்கம் இன்னும் பாக்கி. அதை மழைக்காலத்தில், வண்டி சும்மா நிற்கும்போது பார்க்கலாம் என்று விட்டிருக்கிறார்.